அம்பலப்புழைக் கண்ணன் சன்னிதியும் ஆலப்புழைப் படகு வீடும்

நம் ஊர்களில் ஆலயத்திற்குச் செல்லும் வழி தெருவாக இருக்கும். சில தலங்களில் மலைப்பாதையாக இருக்கும். கேரளத்துக் குட்டநாட்டிலோ அது நீராக இருக்கிறது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் முதலிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலை அடையுமுன் வலைபோலக் கிளைத்துப் பரவும் தாழ்நிலம் அது. அங்கே நெல் வயல்கள் கடல் மட்டத்திற்கும் கீழே கிடக்கின்றன. வாய்க்காலின் நீர் மேலேயும் வயலின் பயிர் கீழேயுமாக இருக்க, நடுவில் ஒரு வரப்பு மட்டுமே காவல் நிற்கும். அவ்வரப்பின் மேல் வீடுகள், தென்னைகள், சிறு கோயில்கள். வீட்டு வாசலில் கட்டியிருப்பது தோணி.

இந்த நீர்நாட்டின் நாயகன் அம்பலப்புழை ஸ்ரீகிருஷ்ணன். ஆலப்புழை நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் எழுந்தருளியிருக்கிறான். ஒரு கையில் சாட்டையும் மறு கையில் சங்கும் ஏந்திய பார்த்தசாரதித் திருக்கோலம். தேரோட்டியாக நிற்கும் இப்பெருமான் இத்தலத்திற்குத் தேரில் வரவில்லை. படகில் வந்தான் என்கிறது தல மரபு. செம்பகச்சேரி மன்னர் காலத்தில், குறிச்சி என்னும் ஊரிலிருந்து திருவுருவத்தை நீர்வழியே கொண்டு வந்தபோது, வழியில் சம்பக்குளத்தில் ஒரு கிறிஸ்தவ அன்பரின் இல்லத்தில் தங்க நேர்ந்ததாம். மறுநாள் படகுகள் புடைசூழ ஊர்வலமாகப் புறப்பட்டு அம்பலப்புழை வந்து சேர்ந்தனர். அதன் நினைவாகவே ஆனி மாத மூல நட்சத்திரத்தன்று பம்பை நதியில் சம்பக்குளம் படகுப் போட்டி இன்றும் நடைபெறுகிறது. 1789-இல் திப்பு சுல்தானின் படையெடுப்புக்கு அஞ்சிக் குருவாயூரப்பனின் திருவுருவத்தையும் பாதுகாப்புக்காக இங்கேதான் கொண்டு வந்து வைத்திருந்தார்கள்.

ஆண்டவனே படகில் வந்த ஊருக்கு யாத்திரை செல்லும் குடும்பத்தினருக்கு, தரிசனம் முடிந்தபின் ஓர் இரவு படகில் தங்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. அதிலும் பேரன் பேத்திகள் உடன் வந்தால் அந்த ஆசை பிடிவாதமாகிவிடும். அப்போது எழும் முதல் கேள்வி, எவ்வளவு பெரிய படகை அமர்த்துவது என்பதே. சென்ற அரையாண்டு விடுமுறையில் எங்கள் குடும்பம் அக்கேள்விக்கு விடை தேடிய விதத்தை, அவ்வழியே செல்லவிருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

நெல் சுமந்த படகு

இன்று நாம் படகு வீடு என்று அழைப்பதன் மூலப்பெயர் கெட்டுவள்ளம். கெட்டு என்றால் கட்டு. வள்ளம் என்றால் படகு. ஆஞ்சிலி மரப் பலகைகளை இரும்பாணி இல்லாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுத்த கருநிறப் பூச்சைக் காய்ச்சித் தடவி உருவாக்கிய சரக்குப் படகு அது. 60, 70 அடி நீளமுள்ள ஒரு வள்ளம் 30 டன் வரை சுமக்கும். குட்டநாட்டு நெல் இவற்றில்தான் கொச்சித் துறைக்குச் சென்றது. பாலங்களும் லாரிகளும் வந்தபின் வேலையற்றுக் கிடந்த வள்ளங்களுக்கு 1990-களின் தொடக்கத்தில் சுற்றுலா புதுவாழ்வு தந்தது. மூங்கிலாலும் பாயாலும் கூரை வேய்ந்து, அறை தடுத்து, குளியலறை அமைத்து, அவற்றை வீடாக்கினார்கள். பிறகு புதிதாகக் கட்டியவை மேலும் மேலும் நீண்டன. ஓர் அறைப் படகும் உண்டு. நூறடிக்கு மேல் நீண்டு, மாடியும் வைத்து, பத்து அறைகள் கொண்ட படகும் உண்டு.

அமைப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. முகப்பில் படகோட்டியின் இருக்கை. அவரை அங்கே ஸ்ராங்கு என்பார்கள். அவருக்குப் பின்னால் பக்கங்கள் திறந்த கூடம். உண்பதும் உட்கார்வதும் அங்கேதான். கூடத்தை அடுத்து ஒரு பக்கம் நடைவழி, மறுபக்கம் வரிசையாகப் படுக்கையறைகள். பின்கோடியில் சமையலறை. ஆகவே அறைகள் கூடக் கூட நடைவழி நீளும். கூடத்திற்கும் கடைசி அறைக்கும் இடையிலுள்ள தூரமும் கூடும். படகின் அளவைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

அறை எத்தனை என்று கேட்காதே

நாங்கள் 11 பேர். நானும் என் மனைவியும். எழுபத்து நான்கு வயதான என் தமக்கையார். மகன் குடும்பத்தில் நால்வர். மகள் குடும்பத்தில் நால்வர். பேரக் குழந்தைகளுக்கு முறையே 12, 9, 6, 4 வயது. பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் ஆலோசனை தொடங்கிவிட்டது.

படகு அமர்த்தித் தரும் தரகர், மாடியோடு கூடிய ஆறு அறைப் படகைச் சிபாரிசு செய்தார். சற்றே கூடுதல் வாடகைக்கு விசாலமான இடம் கிடைக்கும் என்பது அவர் வாதம். இரண்டு சிறு படகுகள் எடுத்தால் அவரவர் குடும்பம் வசதியாக இருக்கலாம் என்றான் மகன். ஒரே படகில் மூன்று அறை போதும், பிள்ளைகளுக்குத் தரையில் மெத்தை போட்டுக்கொள்ளலாம் என்றாள் மகள். ஒவ்வொன்றிலும் நியாயம் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தமக்கையார் என் மகனிடம் சொன்னார்: “அறை எத்தனை என்று கேட்காதேப்பா. கூடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நான்கு பிள்ளைகளும் அவர் கண்ணில் படுவார்களா என்று கேள்.”

அந்த ஒரு வார்த்தையால் கணக்கு தெளிவாயிற்று. மாடிப் படகு வேண்டாம். மாடி இருந்தால் பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் இருப்பார்கள். மேலே இருப்பவர் பிள்ளை கீழே இருக்கிறது என்று நினைப்பார், கீழே இருப்பவர் மேலே இருக்கிறது என்று நினைப்பார். அந்த இரண்டு நினைப்புக்கும் நடுவே செங்குத்தான குறுகிய படிக்கட்டு ஒன்று இருக்கும். மூட்டுவலி உள்ள முதியவர்களோ அந்த மாடிக்கு ஏறப்போவதில்லை. இரண்டு படகுகளும் வேண்டாம். பிள்ளைகள் சேர்ந்து விளையாடவே இந்தப் பயணம். அப்படியிருக்க, படகுக்குப் படகு தாவ வேண்டும் என்ற ஆசையை அவர்களுக்கு ஏன் ஊட்ட வேண்டும்? மூன்று அறைகளில் 11 பேர் என்றால் நெருக்கம். காற்றுக்காகவும் இடத்திற்காகவும் பிள்ளைகள் இரவில் கூடத்தில் படுக்க நேரும். அதுவும் சரியில்லை. இரவில் திறந்த கூடத்தில் குழந்தைகளை உறங்க விடக்கூடாது.

ஆக, மாடியில்லாத நான்கு அறைப் படகு என்று முடிவாயிற்று. மகன் குடும்பத்திற்கு ஓர் அறை, மகள் குடும்பத்திற்கு ஓர் அறை, எங்களுக்கு ஓர் அறை. தமக்கையாருக்கும் மூத்த பேத்திக்கும் கூடத்தை ஒட்டிய முதல் அறை. சமையலறையை ஒட்டிய கடைசி அறையில் வெக்கையும் பாத்திர ஓசையும் இருக்கும். அதை இளையவர்களுக்கு ஒதுக்கினோம்.

பிறகு தரகரிடம் சில விவரங்கள் கேட்டோம். கூடத்தைச் சுற்றிய தடுப்புக் கம்பிகள் எவ்வளவு உயரம், நான்கு வயதுப் பிள்ளை நுழையும் இடைவெளி அவற்றில் உண்டா? கரையிலிருந்து ஏறும் பலகைக்குப் பிடிகயிறு உண்டா? குழந்தைகளின் உடலுக்குப் பொருந்தும் சிறிய மிதவைச் சட்டைகள் உண்டா? பெரியவர்களின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் நீரில் அது தலை வழியே கழன்றுவிடும் என்பதால் இதைக் கேட்பது அவசியம். என் மனைவி இன்னொன்றையும் கேட்கச் சொன்னாள்: அறைக் கதவின் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது? தரகர் சிரித்தாலும், கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்து அனுப்பினார். கதவின் மேல்முனையில் தாழ்ப்பாள் இருந்தது. அதன்பிறகே முன்பணம் செலுத்தினோம்.

சைவ உணவுக் குடும்பத்தினர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. காயல் படகுகளில் மீன் சமைப்பது அன்றாட வழக்கம். முழுப் படகையும் ஒரே குடும்பமாக அமர்த்திக்கொண்டு, அப்பயணத்தில் அசைவம் சமைக்கக் கூடாது என்றும், பாத்திரங்கள் தனியாக இருக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கிலேசம் இராது. பிறரோடு பங்கிட்டுக்கொள்ளும் படகு யாத்திரைக் குடும்பங்களுக்கு ஏற்றதன்று.

சன்னிதியில் கண்ட அளவு

பயணத்தன்று காலையில் முதலில் அம்பலப்புழைக்கே சென்றோம். ஆண்கள் மேலாடை களைந்து, வேட்டியுடன் உள்ளே செல்ல வேண்டும். அதிகாலையிலேயே நடை திறந்துவிடும். உச்சிப் பூஜைக்குப் பிறகே புகழ்பெற்ற பால்பாயசம் கிடைக்கும். பால், நீர், அரிசி, சர்க்கரை தவிர வேறெதுவும் சேராது. மணிக்கணக்கில் காய்ந்து, காய்ந்து, இளஞ்சிவப்பு நிறம் ஏறிய பிறகே பெருமானுக்கு நிவேதனமாகும்.

அந்தப் பாயசத்தின் கதையைப் பிள்ளைகளுக்குப் பிராகாரத்திலேயே சொன்னோம். சதுரங்கத்தில் வல்லவனான மன்னனிடம் பகவான் ஒரு முதியவராக வந்து ஆட்டத்திற்கு அழைத்தார். வென்றால் என்ன வேண்டும் என்று மன்னன் கேட்க, முதல் கட்டத்திற்கு ஓர் அரிசி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாம் கட்டத்திற்கு நான்கு என்று 64 கட்டங்களுக்கும் இரட்டிப்பாகத் தந்தால் போதும் என்றார். இவ்வளவுதானா என்று மன்னன் நகைத்தான். தோற்றபின் அளக்கத் தொடங்கிய போதுதான் களஞ்சியம் முழுவதும் போதாது என்று அறிந்தான். பகவான் தம் உருவைக் காட்டி, கடனை ஒரேயடியாகத் தீர்க்க வேண்டாம், வரும் பக்தர்களுக்குப் பாயசமாக அளித்துவா என்று அருளினாராம்.

பன்னிரண்டு வயதுப் பேத்தி அங்கேயே கணக்குப் போட முயன்றாள். மொத்தம் 18446744073709551615 அரிசி. 20 இலக்க எண். வங்கியில் வாழ்நாளைக் கழித்த எனக்கே படிக்க நா தடுமாறியது. தொடக்கத்தில் அற்பமாகத் தோன்றும் கூடுதலே முடிவில் மலையாகிறது என்று அவளுக்குச் சொன்னேன். அதே நாளில் அந்தப் பாடம் எங்களுக்கும் வேண்டியிருந்தது.

துறையில் ஒரு தர்மசங்கடம்

தரிசனம் முடித்து ஆலப்புழை புன்னமடைத் துறைக்கு வந்தபோது, பாலக்காட்டிலிருந்து எங்கள் உறவினர் ஒருவர், தம்பி முறை ஆகிறவர், மனைவியோடும் இரண்டு பையன்களோடும் எங்களுக்காகக் காத்திருந்தார். மறுநாள் அவர்கள் வைக்கம், கடுத்துருத்தி, ஏற்றுமானூர் ஆகிய மூன்று சிவத்தலங்களையும் மரபுப்படி ஒரே நாளில் தரிசிக்கச் செல்பவர்கள். நாங்கள் வருவதை அறிந்து ஓர் இரவு உடன் தங்கிச் செல்லலாம் என்று பையோடு வந்துவிட்டார்கள்.

எங்கள் படகிற்கு அனுமதிக்கப்பட்ட பயணிகள் 12 பேர். அவர்களையும் சேர்த்தால் 15. “ஒரு ராத்திரிதானே சார், பிள்ளைகள் சின்னவர்கள், கணக்கில் வரமாட்டார்கள்” என்றார் தரகர். “கூடத்தில் படுத்துக்கொள்கிறோம் அண்ணா” என்றார் உறவினர். ஸ்ராங்கு ஒன்றும் பேசவில்லை. கயிற்றைக் கையில் பிடித்தபடி நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தாலே அவர் விருப்பம் தெரிந்தது. ஆனால் முடிவு சொல்ல வேண்டியவன் நான். சொந்தத்தில் ஒருவரை வாசலில் நிறுத்தி இடமில்லை என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இந்த வயதில் உள்ளவர்கள் அறிவார்கள்.

அந்த நீர்வழியின் பழைய செய்தி ஒன்று என் நினைவுக்கு வந்தது. ஆலப்புழைக்குத் தெற்கே உள்ள பல்லனை என்னும் ஊரில், 1924-ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று, ‘ரெடீமர்’ என்ற பயணியர் படகு கவிழ்ந்தது. ஸ்ரீநாராயண குருவின் சீடரும் மலையாள மகாகவியுமான குமாரன் ஆசான் அதில்தான் உயிர் நீத்தார். திருவனந்தபுரம் அனந்தபத்மநாபன் சன்னிதியில் ஆறாண்டுக்கு ஒருமுறை நடக்கும் முறைஜபத்தைக் கண்டு திரும்பிய யாத்திரிகர்களும் அப்படகில் இருந்தனர். தாங்கும் அளவுக்கு மேல் கூட்டம் ஏறியிருந்தது. நூறாண்டு கழித்தும் நிலைமை மாறிவிடவில்லை. 2023-ஆம் ஆண்டு மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். அங்கும் ஏறியவர்கள் தாங்கும் அளவைவிட அதிகம். பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள் என்று மனிதர்கள் சொல்லலாம். நீர் அப்படிச் சொல்வதில்லை.

நான் தயங்கி நிற்பதைக் கண்டு தமக்கையார் முன்வந்தார். உறவினரின் கையைப் பிடித்துக்கொண்டு, “காலையில் கோயிலில் பாயசம் காய்வதைப் பார்த்தேன் தம்பி. பெருமாளுக்கு வைக்கும் உருளியே ஆனாலும் அது கொள்கிற அளவுதான் பால் விடுவார்கள். அதற்கு மேல் விட்டால் பொங்கி அடுப்பையே அணைத்துவிடும். உன் பிள்ளைகள் மேல் ஆசை இல்லாமல் சொல்லவில்லை, ஆசை இருப்பதால் சொல்கிறேன்” என்றார்.

உறவினரின் முகம் வாடியது உண்மை. ஆயினும் மறுத்துப் பேசவில்லை. ஆலப்புழைப் படகுத் துறையிலிருந்து கோட்டயத்திற்கு அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணியர் படகு செல்கிறது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். கட்டணம் மிகச் சொற்பம். அவர்கள் போக வேண்டிய திசையும் அதுவே. அவர்களை அதில் ஏற்றிவிட்ட பிறகே எங்கள் படகு புறப்பட்டது. அன்றிரவு அவர் தொலைபேசியில் பேசினார். பையன்கள் இருவரும் பள்ளிச் சிறுவர்களோடும் மீன்கூடைக்காரர்களோடும் உட்கார்ந்து, வாய்க்கால் வீடுகளின் வாசல்களை எல்லாம் பார்த்துக்கொண்டு போனதைச் சொல்லி மகிழ்ந்தார். ஓர் இரவு தங்கத்தான் அறைப் படகு வேண்டும். காயலைக் காண அரசுப் படகே போதும் என்பதை வசதி குறைந்த அன்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

காயலில் ஒரு மாலை

பிற்பகலில் படகு புன்னமடையைக் கடந்து வேம்பநாட்டுக் காயலின் அகன்ற பரப்பை அடைந்தது. கரை விலகிச் செல்லச் செல்லப் பிள்ளைகளின் ஆரவாரம் அடங்கி, கண்கள் மட்டும் விரிந்தன. நீர்க்காகங்கள் கம்பங்களின் மேல் சிறகு உலர்த்தி நின்றன. ஆகாயத்தாமரைத் திட்டுகள் படகோடு மிதந்து வந்தன. பிறகு சித்திரை, மார்த்தாண்டம் என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பெயர் தாங்கிய காயல் நிலங்களை ஸ்ராங்கு காட்டினார். காயலுக்குள் வரப்புக் கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி, 1940-களில் வயலாக்கிய இடங்கள் அவை. படகிலிருந்து பார்த்தால் வயல் நம் காலடிக்கும் கீழே தெரிகிறது. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் குட்டநாட்டின் இந்த வேளாண் முறையைப் பாரம்பரியச் சிறப்புடையதாக அறிவித்துள்ளது.

சிறு வாய்க்கால்களின் முகப்பை அடையும்போதெல்லாம் உள்ளே போகலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் படகு நுழையாது என்றார் ஸ்ராங்கு. இதுவும் அளவைப் பற்றிய பாடமே. படகு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அது காயலோடும் பெரிய வாய்க்காலோடும் நின்றுவிடும். ஊருக்குள் ஓடும் ஒடுங்கிய நீர்த்தெருக்களைக் காண ஷிக்காரா என்னும் சிறு படகோ தோணியோ வேண்டும். அதை மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் தனியே அமர்த்திக்கொண்டோம். அதற்காகத் தங்கும் படகைச் சிறிதாக எடுக்க வேண்டியதில்லை.

மாலை ஐந்தரை மணியளவில் படகு வீடுகள் யாவும் கரையில் கட்டப்பட வேண்டும். அதன் பிறகு காயல் மீனவர்களுக்கு உரியது. அவர்கள் வலை விரிக்கும் நேரம். எங்கள் படகும் ஒரு தென்னந்தோப்போரம் கட்டப்பட்டது. விளக்கேற்றும் வேளையாயிற்றே என்று என் மனைவி அகல் எடுத்தபோது, படகுப் பணியாளர் பணிவோடு தடுத்தார். மூங்கிலும் பாயும் வேய்ந்த கூரைக்குக் கீழே திரியும் கற்பூரமும் கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான். எதிர்க்கரையில் சிறு கோயில் ஒன்றில் தீபாராதனை மணி ஒலித்தது. அந்தத் தீபத்தையே எங்கள் தீபமாகக் கொண்டு, கூடத்தில் அமர்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொன்னோம். நீருக்கு அப்பாலிருந்த ஒளி அசைந்து அசைந்து எங்கள் படகு வரை நீண்டு வந்தது.

இரவு மூன்று மணி இருக்கும். மகனின் அறையிலிருந்து கதவைத் தட்டும் ஓசை கேட்டது. நான்கு வயதுப் பேரன் விழித்தெழுந்து, இருட்டில் வீடென்று நினைத்து, கூடத்திற்குப் போகக் கதவை இழுத்திருக்கிறான். தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டவில்லை. கதவைத் தட்டியபடி அழுதவனைத் தாய் எடுத்து அணைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அக்கதவுக்கு வெளியே பத்தடி நடைவழி, அதற்கப்பால் திறந்த கூடம், அதற்கப்பால் கரிய நீர். என் மனைவி நெடுநேரம் உறங்கவில்லை. ஜன்னல் வழியே எதிர்க்கரையை நோக்கிக் கைகூப்பியபடி இருந்தாள். நானும் எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.

செல்வோர் கவனத்திற்கு

மறுநாள் காலை ஒன்பது மணியளவில் துறையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மலைநாட்டுத் திவ்யதேசங்களைச் சேவிக்கப் புறப்படலாம். திருவல்லவாழ், திருக்கடித்தானம், திருச்செங்குன்றூர், திருப்புலியூர், திருவண்வண்டூர், திருவாறன்விளை ஆகியவை ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. எல்லாம் நம்மாழ்வாரின் மங்களாசாசனம் பெற்றவை. சென்னையிலிருந்து காட்பாடி, சேலம், ஈரோடு வழியாக ஆலப்புழைக்கு நேரடி இரவு ரயில் இருக்கிறது. நகரின் நடுவிலேயே முல்லைக்கல் பகவதி கோயில் உள்ளது. படகேறும் முன் அன்னையை வணங்கிச் செல்வது நன்று. மழைக்காலத்தைத் தவிர்த்து, கார்த்திகை முதல் மாசி வரை செல்வது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதமானது.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையையும் குளிர்சாதனத்தையும் கேட்பது போலவே, பதிவுச் சான்றில் எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணுங்கள். அந்த எண்ணுக்கு ஓரிருவர் குறைவாகவே உங்கள் குழு இருக்கட்டும். எல்லோரும் கூடி அமர ஒரு கூடம், எல்லோரும் கதவடைத்து உறங்க அறைகள், முதியவர் ஏறி இறங்கப் பிடிகயிறுள்ள பலகை, பிள்ளைக்கு எட்டாத தாழ்ப்பாள் ஆகிய நான்கும் அமைந்த படகே உங்கள் குடும்பத்திற்குச் சரியான அளவுள்ள படகு. அதைவிடச் சிறியதில் நெருக்கம். அதைவிடப் பெரியதில் பிள்ளைகள் கண் மறைவாகிவிடுவார்கள்.

துறையில் பலகை வழியாக ஒவ்வொருவராக இறங்கினோம். தமக்கையார் முதலில் இறங்கிக் கரையில் நின்றுகொண்டு, பின்னால் வருபவர்களை விரல்விட்டு எண்ணினார். கடைசியாக நான் கால் வைத்ததும், “பதினொன்று” என்று சொல்லி, அம்பலப்புழை இருக்கும் திசையை நோக்கிக் கும்பிட்டார்.